வன்கொடுமை வழக்கில் உடன் நிற்பது எப்படி? களப்பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சட்ட உதவித் தொண்டர்களுக்கும் இந்தப் பக்கம். பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம் 1989இல் நிறைவேறி, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் 1995இல் வந்தன. 2015, 2018 திருத்தங்கள் சட்டத்தை நன்றாகவே வலுப்படுத்தின. ஆனாலும் பல வழக்குகள் நீதிமன்றப் படியேறும் முன்பே, முதல் சில நாட்களிலேயே தோற்றுவிடுகின்றன. புகாரில் விட்டுப்போன ஒரு வரி, மருத்துவமனையில் பயந்து சொன்ன ஒரு பொய்க் காரணம், கேட்டு வாங்காமல் வந்த ஒரு ரசீது போதும். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த முதல் நாட்களைப் பற்றியது.

இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும்?

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியிலோ பழங்குடியிலோ சேர்ந்தவராக இருக்கவேண்டும். குற்றம் செய்தவர் அந்த இரண்டிலும் சேராதவராக இருக்கவேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு பட்டியல் சாதியினர் இன்னொரு பட்டியல் சாதியினரை, எடுத்துக்காட்டாக அருந்ததியரை, கோயிலிலோ குழாயடியிலோ தடுத்தால் இச்சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அங்கே தீண்டாமையைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தையும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவையும்தான் நாடவேண்டும்.

மதமும் குறுக்கே வரும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்கிறார்கள். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் இச்சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தேவாலயத்துக்குப் போகிறவர் என்பதால் ஊர்த்தெருவில் அவரை யாரும் சாதி சொல்லித் திட்டாமல் விடுவதில்லை. ஆகவே இது பெரிய அநீதி என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் வழக்கு நிற்கவேண்டுமானால் சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை.

சான்றிதழே இல்லாத குடும்பங்கள் உண்டு. இருளர் குடியிருப்புகளில் இது இன்றும் சாதாரணம். சான்றிதழ் கையில் இல்லை என்பதைக் காட்டி எஃப்.ஐ.ஆர் பதிய மறுக்க முடியாது. இரு தரப்பின் சாதி விவரத்தையும் வருவாய்த் துறையிடம் கேட்டுப் பெறுவது புலன்விசாரணை அதிகாரியின் வேலை. அதே நேரத்தில் நீங்களும் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்: பட்டியல் சாதிக்கு வட்டாட்சியர், பழங்குடிக்கு வருவாய்க் கோட்டாட்சியர். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் 2023 ஜனவரி முதல் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். பழைய சான்றிதழை வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கவேண்டும்.

"நீ யார், உனக்கு என்ன வேலை?" என்று காவல் நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது?

பிரிவு 15ஏ(12)ஐச் சொல்லுங்கள். தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று அந்தப் பிரிவு நேரடியாகவே கூறுகிறது. அதன் அச்சுப் பிரதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். குரலை உயர்த்தவேண்டிய தேவையே வராது. உரிமை பாதிக்கப்பட்டவருடையது என்பதால் பேச்சையும் அவரே தொடங்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அடிபட்டவரை முதலில் எங்கே அழைத்துப் போகவேண்டும்?

அரசு மருத்துவமனைக்கு. காவல் நிலையம் பிறகு. அங்கே விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர் என்று எல்லோரும் சொல்லும் பதிவேட்டில், மருத்துவர் எழுதும் இரண்டு வரிதான் வழக்கின் முதல் ஆவணம். எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எந்த இடம், எத்தனை மணி என்று மருத்துவர் கேட்பார். பயத்திலோ, உடன் வந்த ஊர்க்காரர் முறைத்ததாலோ "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால் ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த வரி தலைதூக்கும். "இருவர் அடித்தனர்" என்று ஏ.ஆரில் இருந்து, புகாரில் ஏழு பேர் இருந்தாலும் இதே கதிதான். ஆகவே மருத்துவரிடம் பேசும்போது குடும்பத்தில் நிதானமான ஒருவர் உடன் இருக்கட்டும். உள்காயம் இருந்தால் உள்நோயாளியாகச் சேர்க்கக் கேளுங்கள். போலீசார் மருத்துவமனைக்கே வந்து வாக்குமூலம் வாங்கவேண்டும்.

கிழிந்த, இரத்தக் கறை படிந்த உடையைத் துவைக்கக் கூடாது. நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கறை கெட்டுவிடும். செல்பேசியில் எடுத்த படமோ காணொளியோ இருந்தால் அந்தப் பேசியை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோயிருக்கும். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63படி சான்று தேவைப்படும் என்பதால், எடுத்தவர் யார் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

புகார் மனுவை எப்படி எழுதுவது?

பல வழக்குகள் சரிவது இங்கேதான். "சாதியைச் சொல்லி இழிவாகத் திட்டினார்" என்று எழுதினால் போதாது. என்ன சொல்லித் திட்டினாரோ அந்தச் சொற்களை, எத்தனை அருவருப்பாக இருந்தாலும், சொன்னபடியே எழுதவேண்டும். எழுதுகிறவர் கூச்சப்பட்டு நாகரிகமாக மாற்றிவிடும்போது குற்றத்தின் கூறே காணாமல் போய்விடுகிறது.

மனுவில் தவறாமல் வரவேண்டியவை: பாதிக்கப்பட்டவரின் சாதி, குற்றம் சாட்டப்பட்டவரின் சாதி, அவருக்கு இவரின் சாதி முன்பே தெரியும் என்பதற்கான காரணம். ஒரே ஊர், அவர் நிலத்தில் கூலி வேலை, ஒன்றாகப் படித்தவர்கள் என்று ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். பிரிவு 8(சி)படி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு இவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அந்த அனுமானம் கிடைக்க இந்த ஒரு வரி வேண்டும். பிறகு இடம், தேதி, மணி, கேட்டவர்கள் பார்த்தவர்கள் பெயர். சாட்சிகளில் குடும்பத்தைச் சேராத ஒருவராவது இருந்தால் நல்லது. நிலத் தகராறு என்றால் சர்வே எண். புகார் தாமதமானால் ஏன் தாமதம் என்று அதிலேயே எழுதுங்கள். மருத்துவமனையில் இருந்ததும், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பதாக நிறுத்தி வைத்ததும் நியாயமான காரணங்கள்.

இல்லாதவர் பெயரைச் சேர்க்காதீர்கள். பழைய பகையில் இன்னும் நாலு பேரையும் சேர்க்கலாம் என்று உறவினர் யாராவது சொல்வார்கள். அந்த நால்வரில் ஒருவர் அன்று வெளியூரில் இருந்தார் என்று நிரூபணமானால் மொத்தப் புகாரும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எழுதப்படிக்கத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்கவேண்டும் என்பது பிரிவு 4 விதிக்கும் கடமை. படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர் நகலை அப்போதே தரவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அதை இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி 5(2).

வீட்டுக்குள் வைத்துத் திட்டினால் வழக்கு நிற்குமா?

வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கான 3(1)(ஆர்), சாதி சொல்லித் திட்டுவதற்கான 3(1)(எஸ்) ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் "பொதுமக்கள் பார்வையில் படும் இடம்" என்ற நிபந்தனை உண்டு. பொது இடம் வேறு, பொதுப்பார்வை வேறு. ஒருவரின் வீட்டு முற்றம் தனியார் இடம்தான். ஆனால் தெருவில் போகிறவர் பார்க்கவோ கேட்கவோ முடியுமானால் அது பொதுப்பார்வைக்குள் வரும் என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்த வசவு இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. ஆகவே கதவு திறந்திருந்ததா, வாசலில் யார் நின்றார்கள், எதிர்வீட்டுக்காரர் கேட்டாரா என்ற விவரங்கள் மனுவில் வேண்டும். தாக்குதல், நில அபகரிப்பு, பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு இந்த நிபந்தனை கிடையாது. வசவுக்குப் பொதுப்பார்வை இல்லை என்று சொல்லி அடிதடியையும் சேர்த்து ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து?

சி.எஸ்.ஆர் என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவே. அதை வைத்து விசாரணையும் நடக்காது, நிவாரணமும் வராது. 2018இல் சேர்த்த பிரிவு 18ஏ, இச்சட்டத்தின் கீழ் எஃப்.ஐ.ஆர் பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்றும், கைதுக்கு மேலதிகாரியின் முன் அனுமதி வேண்டாம் என்றும் சொல்கிறது. 2020 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் ஓர் ஏற்பாடு இருப்பதைச் சில அதிகாரிகள் காட்டக்கூடும். சிறப்புச் சட்டத்தின் 18ஏ அதற்கு இடம் தருவதில்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

அடுத்த படி, விதி 5(3). புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்புகையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தாலும் தபாலிலும் அனுப்புங்கள். பிறகு கையில் இருப்பது அந்த ஒப்புகைதான். நகல்களை மாவட்ட ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கும் காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் அனுப்பலாம். 14566 என்ற தேசிய உதவி எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறப்பு நீதிமன்றம். குற்றத்தை நேரடியாகக் கையில் எடுக்கும் அதிகாரம் பிரிவு 14படி அதற்கு உண்டு. வேண்டுமென்றே கடமை தவறிய அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால், பிரிவு 4படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் முதலில் நிர்வாக விசாரணை நடந்து பரிந்துரை வரவேண்டும். எஃப்.ஐ.ஆர் பதிய வைக்க இது உடனடி வழியாகாது.

சம்பவம் நடந்தது வேறு காவல் நிலைய எல்லை என்று திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்.ஐ.ஆர், அதாவது எல்லை பார்க்காமல் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பும் எஃப்.ஐ.ஆர், கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர் வந்துவிட்டது. அதில் எதைப் பார்க்கவேண்டும்?

பிரிவுகளை. அடிதடிக்குச் சாதாரணப் பிரிவுகளை மட்டும் போட்டு வன்கொடுமைப் பிரிவை விட்டுவிடுவது முதல் வகைக் குறை. 3(1)(ஆர்), 3(1)(எஸ்) மட்டும் போட்டு 3(2)(வி-ஏ)வை விட்டுவிடுவது அதைவிடப் பரவலானது. காயப்படுத்துதல், மிரட்டல் போன்று சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களுக்கு அந்தப் பிரிவு வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால், கொலை உட்பட, 3(2)(வி) வரவேண்டும். அதற்கு ஆயுள் தண்டனை. நிலத்தை ஆக்கிரமித்தால் 3(1)(எஃப்), நிலத்தை விட்டு விரட்டினால் 3(1)(ஜி). சுடுகாடு, குழாய், கோயில், பொதுப்பாதை, செருப்பு, சைக்கிள், கல்யாண ஊர்வலம் ஆகியவற்றில் தடுத்தால் 3(1)(இசட்.ஏ).

குறை இருந்தால் புலன்விசாரணை அதிகாரிக்கு எழுத்து மனு கொடுத்து, பிரிவைச் சேர்த்து நீதிமன்றத்துக்கு மாற்று அறிக்கை அனுப்பக் கேட்கலாம். விசாரிப்பவர் டி.எஸ்.பி தரத்துக்குக் குறையாதவராக இருக்கவேண்டும் என்பது விதி 7. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். அறுபதாவது நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்குப் பத்து நாள் முன்பே நினைவூட்டல் மனு கொடுங்கள். தாமதமானால் காரணத்தை எழுத்தில் விளக்கவேண்டியது அதிகாரியின் கடமை.

எதிர்த்தரப்பும் புகார் கொடுத்துவிட்டதே?

அநேகமாக எல்லா வழக்கிலும் இது நடக்கும். பெரும்பாலும் அடிபட்டவரின் வீட்டில் படிக்கும் பையனின் பெயரைத்தான் போடுவார்கள், வேலைக்குப் போகும்போது காவல்துறைச் சான்றிதழ் கிடைக்காமல் போகவேண்டும் என்று. இந்தப் பயத்திலேயே குடும்பம் சமரசத்துக்கு இறங்கிவிடும். பையன் அன்று கல்லூரியில் இருந்ததற்கான வருகைப் பதிவு, பேருந்துச் சீட்டு, கடை கண்காணிப்புக் கேமரா பதிவு எதையும் உடனே சேகரியுங்கள். கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். முன்ஜாமீனுக்கு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும். பொய் வழக்கு என்பது உறுதியானால் 3(1)(பி), 3(1)(க்யூ) பிரிவுகள் இருக்கின்றன.

நிவாரணம் எவ்வளவு, எப்போது வரும்?

மத்திய விதிகளில் குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2021இல் இது 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று உயர்ந்தது. தொகை ஒரே தவணையில் வராது. சாதி வசவு போன்றவற்றில் எஃப்.ஐ.ஆருக்கு 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகைக்கு 50, தண்டனை கிடைத்தால் 25. கொலையில் பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகைக்குப் பின் பாதி. உடனடி நிவாரணத்தை ஏழு நாளுக்குள் தர ஏற்பாடு செய்யவேண்டும் என்பது விதி 12(4).

கொலை, பாலியல் வன்புணர்வு, நிரந்தர ஊனம் போன்றவற்றில் இதற்கு மேலும் உண்டு. இறந்தவரின் மனைவிக்கோ சார்ந்தவருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, தேவைப்பட்டால் நிலமும் வீடும், பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு பாத்திரம். பல குடும்பங்கள் ரொக்கத்தோடு நின்றுவிடுகின்றன. மற்றவற்றை யாரும் சொல்வதுமில்லை, அவர்கள் கேட்பதுமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனு கொடுங்கள். ஒரே மனுவில் ஐந்தையும் கேட்டால் ஒன்றுக்குப் பதில் வந்ததும் கோப்பை மூடிவிடுவார்கள்.

பணம் தாமதமாக வழக்கமான காரணங்கள்: வங்கிக் கணக்கு நீண்ட நாள் இயங்காமல் இருப்பது, ஆதாரிலும் கணக்கிலும் பெயர் வேறுபடுவது, சாதிச் சான்று இல்லாதது. மூன்றையும் முதல் வாரத்திலேயே சரிபார்க்கலாம். அதற்கும் வராவிட்டால், ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன் வையுங்கள்.

ஊரே சேர்ந்து ஒதுக்கிவைத்திருக்கிறது. யாரும் அடிக்கவில்லை. இதை எப்படி நிரூபிப்பது?

சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 3(1)(இசட்.சி)யில் தனிக் குற்றம்; மிரட்டினாலே குற்றம். நிரூபிக்கத்தான் கடினம். ஊர்க்கூட்டத்தில் பேசியதற்குத் தீர்மானப் புத்தகம் இருக்காது. மளிகைக்கடைக்காரர் "சரக்கு தீர்ந்துபோச்சு" என்பார், டிராக்டர்க்காரர் "வண்டி ரிப்பேர்" என்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு இருக்கும். எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே தெருவுக்கு மட்டும் நடந்தது என்று காட்டினால்தான் அது ஊர்க்கட்டுப்பாடு என்பது வெளியே வரும்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, மணி, யார் போனார்கள், எங்கே, என்ன கேட்டார்கள், என்ன பதில், உடன் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே, போனவரே எழுதிக் கையெழுத்திடட்டும். ஒருவர் தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். அதே கடையில் அதே நேரத்தில் ஊர்த்தெருக்காரருக்குப் பொருள் கிடைத்தால் அதையும் எழுதுங்கள். இதற்கு முன் அந்தக் கடையில் வாங்கிய பழைய பில், பால் சங்க அட்டை, கடன் நோட்டு ஆகியவை முன்பு கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்பதைக் காட்டும். நூறு நாள் வேலைக்கு எழுத்தில் விண்ணப்பித்து தேதியிட்ட ரசீது வாங்குங்கள். வேலை மறுத்தால் அதுவே ஆவணம்.

புறக்கணிப்பு நடக்கும்போது குடும்பங்கள் சாப்பிடவும் வேண்டும். விவசாயக் கூலி நின்ற மூன்றாவது வாரத்தில் மனவுறுதி குறையும். ரேஷன், மருத்துவம், குழந்தைகள் பள்ளிக்குப் போகும் பாதை ஆகியவற்றுக்கு ஆட்சியரிடம் மாற்று ஏற்பாடு கேட்பது வழக்கைப் போலவே அவசரமானது. இந்தக் குற்றத்தில் எல்லாச் சேவைகளையும் மற்றவருக்கு நிகராக மீட்டுத்தருவது அரசின் பொறுப்பு என்று நிவாரண அட்டவணையே சொல்கிறது.

சமரசம் பேச வருகிறார்கள். குடும்பமும் தயங்குகிறது. நாங்கள் என்ன சொல்லவேண்டும்?

முடிவு குடும்பத்துடையது. அவர்கள்தான் நாளைக்கும் அந்த ஊரில் வாழவேண்டும், அந்த வரப்பில் நடக்கவேண்டும். உங்கள் வேலை எல்லா விவரத்தையும் முன்னே வைப்பது: கட்டப்பஞ்சாயத்தில் எழுதித் தரும் தாளுக்குச் சட்ட மதிப்பு இல்லை. வழக்கை முடிக்க உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சாட்சி சொன்ன பிறகு மாற்றிப் பேசினால் பொய்ச் சாட்சி என்று சிக்கல் வரலாம்.

ஏன் தயங்குகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அச்சம் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினரிடம் வாங்கிய முன்பணம் தீராமல் சாட்சி எப்படி உறுதியாக நிற்பார்? மகளிர் குழுக் கடன், தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) கடன் என்று மாற்று வழி தேடுவதும் வழக்கு வேலைதான். முக்கியச் சாட்சிகளின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் பதியக் கேளுங்கள்.

ஜாமீன் விசாரணை நடந்ததே குடும்பத்துக்குத் தெரியவில்லை. இது சரியா?

சரியில்லை. ஜாமீன் உட்பட ஒவ்வொரு நீதிமன்ற நடவடிக்கைக்கும் முன்னறிவிப்புப் பெறவும், தன் தரப்பைச் சொல்லவும் பிரிவு 15ஏ உரிமை தருகிறது. 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்று சொல்லி, அறிவிப்பில்லாமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. ஜாமீனில் வந்தவர் மிரட்டினால் தேதியோடு எழுதி மனு கொடுங்கள். சாட்சிகளுக்குப் பயணச் செலவும் அன்றைய கூலியும் உண்டு, விதி 11. நடவடிக்கைகளைக் காணொளியில் பதியக் கேட்கும்போது 15ஏ(10)ஐக் குறிப்பிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு இதே வழிதானா?

இறந்தவர் பட்டியல் சாதி என்றால் இதுவும் பொருந்தும். கூடவே 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணிக்கான தடைச் சட்டமும் வரும். சந்தேக மரணம் என்று மட்டும் பதிவதை ஏற்காதீர்கள். வேலைக்கு இறக்கியவர்மீது வழக்கு வேண்டும். இழப்பீடு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நாங்கள் செய்யவே கூடாதவை எவை?

மூல ஆவணங்களை உங்கள் அலுவலகத்தில் வைக்காதீர்கள், நகல் போதும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், தெரு எதையும் வெளியிடுவது குற்றம். குழந்தையைத் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்லவைக்காதீர்கள். "வேலை வாங்கித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குடும்பத்தின் பெயரில் நன்கொடை திரட்டினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

வழக்கு விடுதலையில் முடிந்தால்?

தீர்ப்பு நாளன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். பிரிவு 14ஏபடி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள். தகுந்த காரணம் காட்டினால் நீட்டிப்பு கிடைக்கும், ஆனால் 180 நாளுக்குப் பிறகு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசு மேல்முறையீடு செய்யும் என்று காத்திருக்காமல் சிறப்பு அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். முதல் மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். எந்தச் சாட்சியம் ஏன் தள்ளப்பட்டது என்று தீர்ப்பில் இருக்கும் பத்திகளுக்குக் கோடிட்டு எடுத்துப் போங்கள். வழக்கறிஞருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.